மனுதாரருக்குப் பதில்

எங்க போறீயன்னு கேட்டீயல்லா அண்ணாச்சி, கையெழுத்துப் போடப் போறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு. தினமும் காலைல பத்து மணிக்கு. இன்னையோட பத்தொம்பதாவது நாள். கண்டிஷன் ஜாமீன்னு பேரு. அட, எதுக்குத் தள்ளி உக்காருதீய? நான் வெட்டுக்குத்துப் பார்ட்டி இல்லை. இந்தா, என் நடுவிரலைப் பாருங்க, காச்சுப் போயிருக்கா? முப்பத்தோரு வருசமா பேனா பிடிச்சு வந்தது. அருவா பிடிச்சா இப்படி வராது.

மனு வைகுண்டம்னா நம்ம தாலுகாவுல தெரியாத ஆள் கெடையாது. தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல வேப்பமரம் நிக்கில்லா, அங்கன ஒரு மடக்கு மேசை, ரெண்டு ஸ்டூல். பட்டா மாத்தணுமா, முதியோர் பென்சனா, வரப்புத் தகராறா, எங்கிட்டதான் வரணும். பக்கத்துல ஒருத்தன் கம்ப்யூட்டர் வச்சிருக்கான். அவன்கிட்ட அடிச்சதையும் எங்கிட்ட கொண்டாந்து, சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள போவாவ. நம்ம ஜனங்களுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்லத் தெரியாது அண்ணாச்சி. அழத்தான் தெரியும். ஸ்டூல்ல வந்து உக்காந்த ஒடனே மூக்கைச் சிந்துவாவ. ஏத்தா, அழுகையை எந்த பாராவுல எழுத, விசயத்தைச் சொல்லுன்னு ஒரு அதட்டுப் போட்டாத்தான் வழிக்கு வருவாவ.

டிக்கெட்டா? எடுத்தாச்சுய்யா. தினமும் கேக்கான் பாருங்க, பத்தொம்பது நாளா ஒரே சீட்டுல உக்காந்து வாரேன்.

என்ன கேஸுன்னு கேக்கணும்னு இருக்கும், கூச்சமா இருக்கும். நானே சொல்லிருதேன். கொலை மிரட்டல். ஒரு பஞ்சாயத்துத் தலைவிக்கு நான் கொலை மிரட்டல் விட்டேனாம். முள்ளிவிளை தெரியும்லா, இன்னும் அரை மணி நேரத்துல இந்த வண்டி அங்கன நிக்கும். அந்த ஊரு தலைவி. பேரு செல்லக்கனி.

தலைவி! சொல்லும்போதே சிரிப்பு வருது. பீடி சுத்துனவ. புருசன் செத்து ஏழெட்டு வருசம் ஆச்சு. ஒரே மவ. போன பஞ்சாயத்துத் தேர்தல்ல தலைவர் பதவி பொம்பளைக்குன்னு ஆயிட்டுது. லிங்கத்துரைன்னு ஒருத்தன், செங்கச் சூளை வச்சிருக்கான், அவன்தான் இவளை நிறுத்தி செயிக்க வச்சான். கேக்க நாதி இல்லாதவ, சொன்ன எடத்துல கையெழுத்துப் போடுவான்னு கணக்கு. அவன் துணைத் தலைவரா உக்காந்துக்கிட்டான். எங்க தப்புப் பண்ணுனான் தெரியுமா? அவ எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்காங்கிறதை அந்த மூதி விசாரிக்கவே இல்லை.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால படிக்கா அண்ணாச்சி! ஒவ்வொரு வரியா வெரலை வச்சு வச்சுப் படிக்கா. இது எந்த ஊரு வழக்கம்? அவன் சூளைக்கு ஊர்க் குளத்துல மண்ணு அள்ளணும். பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு தீர்மானம் வேணும். நீட்டுனா, இவ வெரலை வச்சுப் படிச்சுப்போட்டு, "அண்ணே, இப்பவே ரெண்டாள் ஆழம் தோண்டிட்டாவ. போன மழைக்கு ஆடு மேய்க்கப் போன மனுசன் அதுக்குள்ள விழுந்து செத்தாரு. நான் போடமாட்டேன்"னுட்டா. அவ்வளவுதான். காயிதத்தை மடிச்சு அவன் கையிலயே குடுத்துட்டா.

பெறவு அவன் அடிச்ச கூத்தைக் கேளுங்க. ரெண்டு வெட்டிப் பயலுவளை விட்டு அவ வாசல்ல சாணியைக் கரைச்சு ஊத்தச் சொல்லியிருக்கான். அவ வந்து பாத்தா, வெளக்குமாத்தை எடுத்தா, அந்தச் சாணியை வச்சே வாசலை மொழுகிட்டு ஆபீஸுக்குப் போயிட்டா. பஞ்சாயத்து ஆபீஸ் சாவியை ஒளிச்சு வச்சான். அவ வாசப்படியில உக்காந்து, மடியில பீடித்தட்டை வச்சுச் சுத்திக்கிட்டே, வாரவங்ககிட்ட மனு வாங்கியிருக்கா. போன் போட்டு கெட்ட வார்த்தை பேசச் சொன்னான். அவ அந்தப் போனை கிராம சபையில ஸ்பீக்கர்ல போட்டுட்டா. ஊரே கேக்கு. பேசுன பயலோட ஆத்தா கூட்டத்துல முன்வரிசையில இருந்திருக்கா! "ஏல, அது எம்மவன் கொரலுல்லா"ன்னு எந்திரிச்சுப் போனவ, அவனை ரோட்டுல போட்டு மிதிச்சிருக்கா.

இதுக்குப் பேரு மிரட்டலா? சின்னப்புள்ளத்தனம். வெளங்காத பயலுவ.

வைகாசி மாசம் எங்கிட்ட வந்தான் லிங்கத்துரை. மேசைக்கு முன்னால நின்னு மீசையைத் தடவுதான். "அண்ணாச்சி, ஒருத்தியை எறக்கணும்." நான் சொன்னேன், லிங்கத்துரை, ஆளை அடிக்கப்படாது, நடக்க வைக்கணும். ஸ்டூல்ல உக்காரு.

மொட்டை மனு தெரியும்லா? பேரில்லாத மனு. திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு நான் எழுதுனது மொத்தம் இருவத்திமூணு. முள்ளிவிளையில தெருவிளக்கு எரியலைன்னு ஒண்ணு. அடுத்த வாரம், பகல்லயும் எரியவிட்டு கரண்டை வீணாக்குதாவன்னு ஒண்ணு. குடிதண்ணி வரலை. குடிதண்ணி தெருவுல ஓடுது. தலைவி ஆபீஸுக்கே வாரதில்லை. தலைவி ஆபீஸை விட்டுப் போறதே இல்லை, அங்கனயே பீடி சுத்துதா. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் விழும், விசாரணை வரும், அவ யூனியன் ஆபீஸுக்கு வந்து வெளக்கம் குடுக்கணும். வார அன்னைக்குப் பீடி கெடையாது, கூலி கெடையாது. என் மேசையைத் தாண்டித்தான் போகணும். கையில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள காயிதம். செருப்பு அறுந்து ஊக்கு குத்தியிருப்பா. வெயில்ல போவா, வெயில்ல வருவா. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். என் பேனா நடக்க வைக்கிற நடைல்லா அது, எனக்கு ஒரு இது இருக்காதா?

ஆனா அவ விழலை. இருவத்திமூணுக்கும் வெரல் வச்சுப் படிச்சு இருவத்திமூணு பதில் எழுதிக் குடுத்துட்டா. ஒண்ணும் நிக்கலை.

ஐப்பசியில லிங்கத்துரை மறுபடி வந்தான். "அண்ணாச்சி, கடைசியா ஒரு காயிதம். இதுல அவ ராஜினாமா பண்ணிரணும்"னு ஒரு கிழிஞ்ச நோட்டுத் தாளை நீட்டுதான். அந்த ரெண்டு பயலுவள்ல ஒருத்தன் எழுதியிருக்கான். "ஒன்னைய வெட்டுவோம். ஒம்மவளைத் தூக்குவோம்." முடிஞ்சுது. அவ்வளவுதான் காயிதம்! தூ. யாரை வெட்டப் போற, எங்க வச்சு, எப்போ? மவ பேரு என்ன? ஒண்ணும் இல்லை. இதைப் படிச்சு யாரு பயப்படுவா? அடுப்பெரிக்கக்கூட ஆகாது. நான் அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சேன். "விவரம் இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும். அந்தப் புள்ளை எங்க படிக்கு, எந்த வண்டியில போகுது, எப்போ வருது, தேதி, நேரம், எடம், எல்லாம் குறிச்சுக்கிட்டு வா. பெறவு எழுதுதேன்"னேன்.

சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, அதுவரைக்கும் அந்தப் பயலுவளுக்கு அந்தப் புள்ளை எந்தப் பள்ளிக்கூடம்னே தெரியாது. அந்த லட்சணத்துல தூக்குவானுவளாம்! நான் சொன்ன பெறவுதான் மூணு நாள் பைக்குல பின்னாலயே போயிருக்கானுவ. ஆனா ஒண்ணு சொல்லணும், நல்லாக் குறிச்சிருந்தானுவ. தேதி வாரியா இருந்துது. ரெண்டாம் நாள் அந்தப் புள்ளை திரும்பிப் பாத்துட்டு ஓடியிருக்கு. அதையும் எழுதியிருந்தானுவ. நான் அதையும் சேத்துக்கிட்டேன்.

அந்தக் காயிதம் எனக்கு மனப்பாடம். கேளுங்க. அனுப்புநர், பெயர் வெளியிட விரும்பாத பொதுமக்கள், முள்ளிவிளை. பெறுநர், திருமதி செல்லக்கனி அவர்கள். பொருள், ஊராட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்யக் கோருதல், தவறும் பட்சத்தில் ஏற்படும் விளைவுகள், தொடர்பாக. பொருள் இல்லாத காயிதத்தை நான் என் வாழ்க்கையில எழுதுனது கெடையாது. பெறவு, "தங்கள் மகள் செல்வி சுபிதா, வயது பதினான்கு, தினமும் காலை எட்டேகால் மணிப் பேருந்தில் தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் ஏறுவதும், மாலை ஐந்து நாற்பதுக்கு இறங்கி உடைமரக் காட்டுப் பாதையில் தனியாக நடந்து வருவதும், கடந்த பன்னிரண்டாம் தேதி அவ்வாறு வரும்போது ஓடியதும் எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்." எட்டேகால் வண்டின்னா இதே வண்டிதான். எப்படி இருக்கு? வெட்டுவோம்னு ஒரு வார்த்தை இருக்கா? கெட்ட வார்த்தை இருக்கா? பதினைஞ்சு நாள் அவகாசம்கூட குடுத்திருக்கேன்.

இனிமேதான் விசயமே இருக்கு. காயிதத்துக்குக் கீழ நகல்னு போட்டு, உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்னு எழுதியிருந்தேன். முப்பத்தோரு வருசமா எழுதுத கை, கீழ வந்ததும் அதுவாப் போட்டுருது. சிரிக்காதீய. நகல்னு போட்டா அனுப்பணும்லா? போடுவேன், ஆனா அனுப்ப மாட்டேன்னு சொல்லுத ஆளு நான் இல்லை. அந்தத் திங்கக்கிழமைக் கட்டோட சேத்து பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். கவர் மேல அனுப்புநர் விலாசம் இல்லாம போஸ்டாபீஸ்ல வாங்க மாட்டாவ. எல்லா மனுவுக்கும் போடுத மாதிரி என் விலாசத்தைப் போட்டேன். சு. வைகுண்டம், மனு எழுதுமிடம், வேப்பமரத்தடி. இருவத்திமூணு மனுவும் அப்படித்தான் போச்சு, ஒருத்தனாவது கேட்டானா?

கலெக்டர் ஆபீஸ்ல இருந்த ஆளைச் சொல்லணும். அவன் படிக்கவே இல்லை அண்ணாச்சி. முள்ளிவிளை ஊராட்சின்னு பாத்திருக்கான், ஒரு நம்பர் போட்டிருக்கான், சீல் அடிச்சிருக்கான், தள்ளி விட்டுட்டான். அங்கேருந்து யூனியன் ஆபீஸுக்கு வந்திருக்கு. அங்கன இருக்கவனும் படிக்கலை. அவன் ஒரு நம்பர் போட்டு, "இத்துடன் இணைத்தனுப்பப்படும் மனு மீது தக்க நடவடிக்கை எடுத்து, மனுதாரருக்கு உரிய பதில் அளித்து, விவரத்தை இவ்வலுவலகத்திற்குத் தெரிவிக்கவும்"னு ஒரு காயிதத்தை முன்னால குத்தி அனுப்பிட்டான். யாருக்கு? முள்ளிவிளை ஊராட்சித் தலைவருக்கு! ஒரே மிரட்டல் அவளுக்கு ரெண்டு தடவை போயிருக்கு. முதல் தடவை கதவுக்கு அடியில. ரெண்டாவது தடவை அரசாங்க முத்திரையோட. மனுதாரர் பேரு, விலாசம், எல்லாம் தெளிவா டைப் அடிச்சு. இந்த மாதிரி தண்டச் சம்பளக்காரனுவளை நம்பி ஒரு நாடு நடக்குது பாருங்க.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. ஒரு புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். அவ வந்தா. தாண்டிப் போகலை, நேரா வந்து என் ஸ்டூல்ல உக்காந்தா. "அண்ணாச்சி, ஒரு மனுவுக்குப் பதில் எழுதணும். மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. நானா எழுதுனா சரியா வராது. நீங்க நல்லா எழுதுவீயன்னு எல்லாரும் சொல்லுதாவ"ன்னா.

எனக்கு அவ மேல கோவமா வருத்தமா? ஒண்ணும் கெடையாது. ஸ்டூல்ல யார் உக்காந்தாலும் எழுதுவேன். தாளை எடுத்தேன். பெறுநருக்கு எடம் விட்டு, சொல்லும்மான்னேன்.

மூக்கைச் சிந்தலை, அதை ஒத்துக்கிடணும். கவரை மடியில வச்சுக்கிட்டு சொல்ல ஆரம்பிச்சா. "ஒண்ணு. எம்மவ எட்டேகால் வண்டியில போறது நெசம்தான்."

அந்தக் காயிதமா! ஆனா மூஞ்சியில காட்டிக்கிடலை. இவளுக்கு எங்க தெரியப்போவுதுன்னு இருந்தேன். மேல சொல்லும்மான்னேன்.

"ரெண்டு. சாயங்காலம் காட்டுப் பாதையில தனியா வாரதும் நெசம். மூணு. பன்னெண்டாம் தேதி ஓடுனதும் நெசம். ஓடுனப்போ விழுந்து முட்டி பேந்துட்டு. எங்கிட்ட கல்லு தடுக்கிட்டுன்னு சொன்னா. ஒங்க காயிதம் வந்த பெறவுதான் ஏன் ஓடுனான்னு எனக்குத் தெரிஞ்சுது. கேட்டேன். ஒனக்குத் தெரிஞ்சா நீ பயந்து விட்டுருவன்னுதான் சொல்லலைம்மாங்கா. நாலு. இப்போ பள்ளிக்கூடம் போகலை. எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டிருக்கேன். அரைப் பரீட்சை எழுதலை. கணக்குல தொண்ணூறுக்குக் கீழ அவ வாங்குனதே கெடையாது."

நான் இதையெல்லாம் முறையா மாத்தி எழுதுனேன். கல்வி பாதிக்கப்பட்டுள்ளது, மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளார், அந்த மாதிரி. அவ எட்டிப் பாத்தா. வெரலை வச்சுப் படிச்சா. "இல்லை அண்ணாச்சி, நான் சொன்னதை அப்படியே எழுதுங்க. முட்டி பேந்துட்டுன்னு எழுதுங்க"ன்னா. அப்படி எழுதக்கூடாதும்மா, ஒரு முறை இருக்குன்னேன். கேக்க மாட்டேங்கா. தாளைக் கிழிச்சு இன்னொரு தாள் எடுத்து, முட்டி பேந்துட்டுன்னே எழுதுனேன். என் கையால, அந்தப் பேச்சை.

"அஞ்சு. ராஜினாமா செய்யச் சொல்லியிருக்கீய. செய்ய முடியாது."

"காரணம்?"

"காரணமும் எழுதணுமா?"

"எழுதணும்மா. காரணம் இல்லாத பதில் நிக்காது."

கவரை மடியில நேரா வச்சுக்கிட்டா. பெறவு சொல்லுதா, "குளம் எனக்குச் சொந்தம் இல்லைன்னு எழுதுங்க. எனக்குச் சொந்தமா இருந்தா பயந்து குடுத்திருப்பேன்."

எழுதுனேன். நல்லாத்தான் இருந்துது, என்ன செய்ய. ஒரு பீடிக்காரி வாயிலேருந்து வருதேன்னு எரிச்சலா இருந்துது.

மேல பெறுநருக்கு எடம் காலியா இருக்கு. யாருக்கும்மா அனுப்பணும்னு கேட்டேன். "மனுதாரருக்கு"ன்னா. கவருக்குள்ளேருந்து அந்த யூனியன் ஆபீஸ் காயிதத்தை எடுத்து என் முன்னால விரிச்சா. வெரலை வச்சா. சு. வைகுண்டம், மனு எழுதுமிடம், வேப்பமரத்தடி.

என்ன செய்யன்னு தெரியலை அண்ணாச்சி. சுத்தி ஏழெட்டு பேரு நிக்காவ. பேனா கையில இருக்கு. எழுதிட்டேன். என் பேரை, என் விலாசத்தை, என் கையாலயே. அவ கையெழுத்தைப் போட்டு, தேதி போட்டு, அந்தக் காயிதத்தை எங்கிட்டயே நீட்டுதா. "மனுதாரருக்கு நேர்ல குடுத்தாச்சு. பெற்றுக்கொண்டேன்னு நகல்ல கையெழுத்துப் போட்டுத் தாங்க. ஆபீஸுக்குத் தெரிவிக்கணும்"னா. எழுதுனதுக்கு உள்ள கூலியையும் மேசையில வச்சா. போடாம இருக்க முடியுமா? பெற்றுக்கொண்டவன் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடணும், அது முறை. இத்தனை வருசமா எல்லா ஆபீஸ்லயும் அதுக்காகத்தான் சண்டை போட்டிருக்கேன். போட்டேன். கூலியையும் எடுத்துக்கிட்டேன், வேலை செஞ்சிருக்கேன்லா?

அவ ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நாலு பேரு முன்னால நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எந்திரிச்சா, கவரை எடுத்தா, நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டா. இன்ஸ்பெக்டர் மிரட்டல் காயிதத்தையும் பதில் காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்கான். ஒரே கை. ஒரு சின்னப்பய அந்த இன்ஸ்பெக்டர், என்னையப் பாத்து, "பெரியவரே, இந்த வேலையை இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சு நான் பாத்ததில்லை"ன்னு சிரிக்கான். பதினோரு நாள் உள்ள இருந்தேன்.

லிங்கத்துரை? முன்ஜாமீன் வாங்கிட்டான் அந்தச் சவம். வைகுண்டம்னு ஒரு ஆளையே எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். அந்த ரெண்டு பயலுவளும் திருப்பூர் பக்கம் ஓடிட்டானுவ. மாட்டுனது எழுதுனவன் மட்டும்தான். மரத்தடியில உக்காரக்கூடாதுன்னு தாசில்தாரு சொல்லிட்டாரு. வீட்டுல எம் பொண்டாட்டி, வக்கீலு அந்தக் காயிதத்தை வாசிக்கதைக் கேட்டதுலேருந்து எம் மூஞ்சியைப் பாக்கதே இல்லை. சோத்தை வச்சுட்டு அடுக்களைக்குள்ள போயிருதா. அவளுக்கு என்ன எளவு கோவமோ, அவளையா நான் மிரட்டுனேன்?

நான் யாரையாவது தொட்டேனா அண்ணாச்சி? ஒரு கல்லு எறிஞ்சேனா? அந்தப் புள்ளையை நான் பாத்தது கூட கெடையாது. கறுப்பா செவப்பா, எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு பேரு, ஒரு வயசு, ஒரு பஸ்ஸு நேரம். அவ்வளவுதான். ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. சாணி ஊத்தி முடியலை, போன்ல பேசி முடியலை. நான் எழுதுன ஒரு பக்கத்துக்கு, அந்தத் திமிரு பிடிச்சவ பெத்த மவளை ஊரை விட்டு அனுப்பிட்டால்லா? பத்தொம்பது நாளா இந்த வண்டியில வாரேன், தண்ணித்தொட்டி ஸ்டாப்புல தனியா ஒரு பொம்பளைப்புள்ளை ஏறவே இல்லை. கேஸு என்ன ஆனாலும் ஆகட்டும். எழுத்துன்னா அது எழுத்து.

அன்னா, முள்ளிவிளை வந்துட்டு. இன்னைக்கு என்ன, பள்ளிக்கூடத்துப் புள்ளையளா நிக்கி. லீவு முடிஞ்சுட்டோ?

அட. அன்னா நிக்கா பாருங்க. தொட்டிக்கு முன்னால, ஊதாச் சேலை. அவதான் அண்ணாச்சி, அவளேதான். தலைவியாம் தலைவி, இப்பவும் ரப்பர் செருப்புதான். வண்டியில ஏறுவாளோ? கூட ஒரு புள்ளை நிக்கி. ரெட்டைச் சடை. அது யாரு? அவ ஏறலை. அந்தப் புள்ளையை மட்டும்தான் ஏத்தி விடுதா.

கூட்டிட்டு வந்துட்டாளா?

வெவரம் கெட்டவ. கேஸு இன்னும் முடியலை, அந்தப் பயலுவ எப்ப வருவானுவன்னு தெரியாது, அதே ஸ்டாப்பு, அதே வண்டி. என்ன பொம்பளை இவ? ஜன்னல் ஜன்னலாப் பாக்கா. என்னையப் பாத்துட்டா. பாக்கட்டும், எனக்கென்ன, நான் டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கேன். மூஞ்சியைத் திருப்புவான்னு பாத்தா திருப்ப மாட்டேங்கா. ஜன்னல் கம்பியைப் பிடிச்சு எக்கி, உள்ள நிக்குத புள்ளைகிட்ட என்னத்தையோ சொல்லுதா. கையை நீட்டி என்னையல்லா காட்டுதா? ஊருக்கு முன்னால அசிங்கப்படுத்தப் போறாளா? நீங்க சாட்சி அண்ணாச்சி.

வண்டி எடுத்துட்டான். அந்தப் புள்ளை இங்கதான் வருது.

என்னம்மா? என்னது, பையா? நிக்கதுக்கு எடைஞ்சலா இருந்தா அங்கன யாருகிட்டயாவது குடேன். எத்தனை பேரு உக்காந்திருக்காவ.

"அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னா, தாத்தா."

எங்கிட்டயா? ஏன்?

"பத்திரமா வச்சிருப்பீயளாம்."

வச்சுட்டா. மடியில வச்சுட்டா அண்ணாச்சி. அம்மாடி, என்ன கனம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு நிக்கி பாருங்க, ஒரு பயம் இல்லாம. இதுக்கு நான் யாருன்னு தெரியுமா, தெரியாதா? கேக்கவும் முடியலை. முட்டியில தழும்பு இருக்கான்னு... பாவாடை மறைக்கி.

அண்ணாச்சி, இதைச் செத்த நேரம் நீங்க வாங்கி வச்சுக்கிடுங்களேன். ஒங்க மடி சும்மாதான இருக்கு. வண்டி குலுங்குது. ரோடு அப்படி. வாங்குங்க அண்ணாச்சி, பத்து நிமிசம். ஏன் கையைக் கட்டிக்கிடுதீய? இவ்வளவு நேரம் உம் கொட்டிக்கிட்டுத்தான வந்தீய?

என்ன, எந்திரிக்கீய? ஒங்க ஸ்டாப்பு இன்னும் வரலியே. அந்தப் புள்ளைக்கா எடம் குடுக்கீய? இங்கனயா, எம் பக்கத்துலயா? இந்தப் பையை வாங்கிட்டாவது போங்க. அண்ணாச்சி... நான் பேசிக்கிட்டுல்லா இருக்கேன்.